ஏழு பேர் ஆபீஸுக்கு என்ன வரலாறு, என்ன கொள்கை?

கேள்வி, 6 ஆகஸ்ட் 2023

என் அக்கா மகன் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் பார்ட் 2 முடித்துவிட்டான். கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனம் கூப்பிடுகிறது. பினாங்கில் ஏழு பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு சின்ன ஆபீஸும் கூப்பிடுகிறது, அங்கே சம்பளம் 400 வெள்ளி குறைவு. அந்தச் சின்ன ஆபீஸின் இணையப் பக்கத்தில் "எங்கள் வரலாறு, எங்கள் கொள்கைகள்" என்று நீட்டி முழக்கியிருக்கிறார்கள். நேர்மை, பாரம்பரியம், மனிதர்களுக்கான கட்டடம்... ஏழு பேர் இருக்கிற இடத்தில் என்ன வரலாறு, என்ன கொள்கை? சும்மா ஜோடனை என்கிறேன் நான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 6 ஆகஸ்ட், இரவு

ஜோடனைதான். அந்த மாதிரி ஒரு பக்கத்தை எங்கள் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான், அதனால் அடித்துச் சொல்வேன். 2010-இல் பாஸ் கூப்பிட்டு, "உனக்குத்தான் எல்லாக் கதையும் தெரியும், நீயே எழுதிவிடு" என்றார். ஒரு மத்தியானம் போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, பிளான் வரைகிற ஆள். 1988-இல் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்றேன். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி. பினாங்குப் பாலத்தை 1985-லேயே திறந்துவிட்டார்கள், ஆனால் பாலத்தில் போகக் கார் வேண்டுமே. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஆபீஸ். கீழே மளிகை மொத்த வியாபாரம், காலையில் படியேறும்போதே மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். ஆட்கள் அதிகம் போனால் ஒன்பது, குறைந்தபோது நாலு. அந்த நாலு பேர் கதை அப்புறம்.

ஆனால் கொள்கையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். அதை இணையப் பக்கத்தில் தேடாதீர்கள். எந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள், அதைக் கேட்கச் சொல்லுங்கள் உங்கள் பையனை. எங்கள் பாஸ் பறவை வீடு வரைய மாட்டார். முப்பது வருடத்தில் ஒன்றுகூட வரைந்ததில்லை. அந்த வரியை நான்தான் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

கோலாலம்பூர்காரர்களுக்காக: பறவை வீடு என்றால், சாப்பிட விற்கும் கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்க்கும் கட்டடம். பழைய கடைவீட்டின் ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, கையகலத் துவாரம் மட்டும் விட்டு, உள்ளே ஈரம் நிற்கத் தண்ணீர் தெளித்து, குருவிக் கத்தலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் காலையிலிருந்து இரவு வரை போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியாது. சுவர் ஊறும், மரம் உளுத்துப் போகும். 2008-இல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டு, 2013 முடிவதற்குள் பாரம்பரியப் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் காலி செய்யச் சொன்னது. எங்கள் பாஸ் அதற்குப் பத்து வருடம் முன்பே வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்.

7 ஆகஸ்ட்

சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரரே படிக்கிறார். குறைவு. அதோடு விடுங்கள்.

8 ஆகஸ்ட்

"கையால் வரைந்த காலத்தைப் பற்றிச் சொல்லுங்க அக்கா" என்று கேட்ட பெண்ணுக்கு. டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனா. சுவருக்குத் தடித்த கோடு, ஜன்னலுக்கு மெல்லியது, அளவுக் கோட்டுக்கு அதைவிட மெல்லியது. பினாங்கு வேர்வை தெரியுமில்லையா, கை பட்டால் தாள் உப்பிக்கொள்ளும், அதனால் மணிக்கட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தப்பாகப் போட்டுவிட்டால் ரப்பர் உதவாது. ஷேவிங் பிளேடை இரண்டாக ஒடித்து, அதன் மூலையால் மையை மட்டும் மெதுவாகச் சுரண்ட வேண்டும், தாளைச் சுரண்டக் கூடாது. அப்புறம் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும், அதில் மறுபடி மை வைத்தால் கசியும். அதனால் கட்டைவிரல் நகத்தின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் புதுக் கோடு. ஒரே இடத்தில் மூன்று தடவைக்கு மேல் சுரண்டினால் ஓட்டை விழும். வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடித்தால் எந்தெந்த இடத்தில் வாடிக்கையாளர் மனசு மாறினார் என்று தெரிந்துவிடும்.

நகல் எடுக்க அம்மோனியா மெஷின். மாதக் கடைசியில் மாநகர் மன்றத்துக்குப் பிளான் போகிற வாரத்தில் புடவையெல்லாம் அந்த வாடைதான் (அப்போது அது நகராண்மைக் கழகம், 2015-இல்தான் மாநகர் மன்றம் ஆனது). ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள், எனக்கு வசதி.

9 ஆகஸ்ட்

வரலாறு கேட்டீர்கள். எங்கள் ஆபீஸ் இரண்டு பேர் தொடங்கியது. பெரிய பாஸ் பினாங்குச் சீனர், ஹொக்கியன் பேசுவார், தமிழில் "சாப்பிட்டாச்சா", "அவசரம்" இரண்டும் தெரியும். சின்ன பாஸ் தமிழர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். 1980-களில் தொடங்கி 1996-இல் பிரிந்தார்கள். சின்ன பாஸுக்குக் கோலாலம்பூரில் கோபுரம் கட்ட வேண்டும். அது பெட்ரோனாஸ் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நேரம், யாருக்குத்தான் ஆசை வராது. பெரிய பாஸுக்குக் கடைவீடு போதும். கொள்கை வேறுபாடு. இப்படித்தான் பக்கத்திலும் எழுதினேன்.

இந்தத் தொழிலில் இது புதிதல்ல. 1960-இல் லிம் சோங் கீட், வில்லியம் லிம், சென் வூன் ஃபீ என்று மூன்று பேர் சேர்ந்து மலாயன் ஆர்க்கிடெக்ட்ஸ் கோ-பார்ட்னர்ஷிப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிரம்பானில் ஒன்பது முகத்தோடு நிற்கிறதே மாநிலப் பள்ளிவாசல், அது அவர்கள் வடிவமைத்தது. சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலும் அவர்கள்தான், 1965. 1967-இல் பிரிந்துவிட்டார்கள். மொத்தமே ஏழு வருடம்! பிரிந்த பிறகு பினாங்குப் பிள்ளையான லிம் சோங் கீட்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் டீம் 3-இலிருந்து வந்ததுதான் நம் கொம்தார், கட்டியபோது 65 மாடி. வில்லியம் லிம் பக்கம் சிங்கப்பூரின் பீப்பல்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் போனது. ஆகவே தம்பி, ஆள் எண்ணிக்கையை வைத்தும் வயதை வைத்தும் ஆபீஸை எடை போட வேண்டாம்.

எங்கள் பிரிவு இவ்வளவு பெரிய விஷயமில்லை. ரப்பர் ஸ்டாம்பில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. புது ஸ்டாம்ப் செய்யப் பெரிய பாஸுக்கு மனசு வரவில்லை. அதே ஷேவிங் பிளேடை என் கையில் கொடுத்து, சின்ன பாஸ் பெயரைச் செதுக்கி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு எழுத்தின் வால் மட்டும் மிச்சமாகிவிட்டது. அதற்கப்புறம் ஏழெட்டு வருடம் எங்கள் பிளான்களில் எல்லாம் பெரிய பாஸ் பெயருக்குக் கீழே ஒரு காற்புள்ளி மாதிரி ஒன்று விழுந்துகொண்டிருந்தது. மன்றத்து அதிகாரி ஒருவர் அது கையெழுத்தின் பகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

9 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

மேலே "கொள்கை வேறுபாடு" என்று எழுதியதை மறுபடி படித்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அது பாதிதான். மீதி கார். ஆபீஸ் பணத்தில் யார் கார் வாங்குவது என்று ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள், நடுவில் நான் தாள் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். வரலாறு எழுதும்போது கார் விட்டுப்போகிறது, கொள்கை மட்டும் நிற்கிறது.

13 ஆகஸ்ட்

"கடைவீடு, கடைவீடு என்கிறீர்களே, அதில் ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை, பெயின்ட் அடித்தால் போதாதா" என்று ஒருவர். வாருங்கள், உட்காருங்கள்.

1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, 1966 சட்டம். வாடகை ஏறாது, அதனால் சொந்தக்காரர் செலவு செய்ய மாட்டார், வாடகைக்காரரும் செய்ய மாட்டார். ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி. ஆனால் அதே காரணத்தால்தான் ஒருவரும் இடிக்கவும் இல்லை, ஜார்ஜ் டவுன் முழுசாகத் தப்பியது. 1997-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட முடிவு செய்து, 2000 ஜனவரி முதல் வாடகையை அவிழ்த்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் தெருத்தெருவாக ஆட்கள் சாமான் கட்டினார்கள். நான் ஃபெர்ரியிலிருந்து இறங்கி நடந்து வருகிற வழியிலேயே எனக்குத் தெரிந்த இரண்டு வெற்றிலைக் கடையும் ஒரு தையல் கடையும் போயின. அஞ்சடியில் (கடைவீட்டு முன்நடையில்) நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள் எங்கே போனார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்புறம் சொந்தக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றே: நடுவில் இருக்கிற முற்றத்தை மூடிவிட்டு ஒரு அறை போடுங்கள், ஏர்கான் வைத்துக்கொள்கிறோம்.

முற்றம்தான் கடைவீட்டின் மூக்கு. வீடு 18, 20 அடி அகலம், நீளம் 100 அடிக்கும் மேல், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் இருக்கிறவர் எப்படி மூச்சு விடுவது? கட்டடத் துணைச் சட்டம் 1984 என்ன சொல்கிறது என்றால், குடியிருக்கும் அறையில் தரைப் பரப்பில் 10 விழுக்காடாவது ஜன்னல் வேண்டும், தரைப் பரப்பில் 5 விழுக்காடாவது காற்று தடையில்லாமல் போகும்படி திறக்க வேண்டும். இரண்டு மாடி வரை உள்ள கட்டடத்தின் முற்றம் குறைந்தது 7 சதுர மீட்டர், அகலம் 2.5 மீட்டர். பழைய கொத்தனார்கள் இந்தச் சட்டத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்கள் விட்ட முற்றம் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். நானே டேப் பிடித்து அளந்ததால் சொல்கிறேன்.

பாஸ் வாதாட மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போய், தெருவில் வெயிலில் பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டு, உள்ளே முற்றத்தின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைப்பார். பேசவே மாட்டார். தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் கொடுப்பார். பத்துப் பேரில் ஆறு பேர் முற்றத்தை விட்டுவிடுவார்கள். மீதி நாலு பேர் வேறு ஆர்க்கிடெக்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். (இந்தக் கணக்கு என் ஞாபகம், சத்தியம் செய்ய மாட்டேன்.)

இன்னொன்று சுண்ணாம்பு. பழைய செங்கல் மிருதுவானது, தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் வேர்த்துக் காயும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும், அதோடு உப்பும் ஏறும், உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலை மாவாக்கிவிடும். சிமெண்ட் பூச்சைத் தட்டிப் பார்த்தால் டொப்பு டொப்பு என்று சத்தம் வரும், பின்னால் ஒன்றும் இருக்காது. எங்கள் ஆபீஸின் பின்கட்டில் ஒரு நீல டிரம்மில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்காக ஊறும். தயிர் மாதிரி ஆகணும் என்பார் பாஸ். லெய்த் தெருவில் அந்த நீல மாளிகை, சியோங் ஃபாட் ட்ஸேவுடையது, சீரமைத்ததற்காக 2000-இல் யுனெஸ்கோ விருது வாங்கியது. அன்றைக்கு எங்களையெல்லாம் கூட்டிப்போய், "வாயை மூடிக்கொண்டு சுவரை மட்டும் பாருங்கள்" என்றார். அந்த நீலம் பெயின்ட் இல்லை, சுண்ணாம்பில் கலந்த அவுரி. விருது வாங்கியது வேறு ஆள்தான், எங்கள் பாஸுக்குப் பொறாமை தெரிந்தது, ஆனால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

14 ஆகஸ்ட்

சிரிக்க ஒன்று. உத்தரத்துக்கு "செங்கால்" மரம் போடச் சொல்லி பாஸ் மலாயில் குத்தகையாளருக்குப் போனில் சொன்னார். நம்ம ஆள். மறுநாள் போய்ப் பார்த்தால் லோரியில் 2000 செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. "நீங்கதானே சொன்னீங்க!" அந்தச் செங்கல்தான் எங்கள் ஆபீஸ் பின்கட்டில் சுண்ணாம்பு டிரம் வைக்கிற மேடை ஆனது.

20 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார்: "அக்கா, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் என் பையனுக்கு அதில் என்ன?" சரி.

அவன் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஆக பார்ட் 3 தேர்வு எழுத வேண்டும், அதற்கு முன் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய இடத்தில் இரண்டு வருடமும் கழிப்பறை விவரப் படம் மட்டும் வரைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன இடத்தில் முதல் மாதமே டேப்பைக் கையில் கொடுத்துச் சாரத்தில் ஏற்றுவார்கள். ஆனால் சின்ன இடத்தில் ஒரு பாஸின் புத்திதான் மொத்தச் சட்டமும். அவர் நல்லவராக இருந்தால் சரி.

2007 ஏப்ரல் 12-இலிருந்து கட்டடத்துக்குக் குடிபுகும் சான்றிதழை நகராண்மைக் கழகம் கொடுப்பதில்லை. பிளான் சமர்ப்பித்த ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ தானே கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பெயர் சி.சி.சி. அதற்கு முன் அடித்தளம், மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு என்று 21 ஜி படிவங்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்த வேலை செய்தவரின் கையெழுத்து. இதற்கு முன்னெல்லாம் தப்பு நடந்தால் "கழகம் பாஸ் பண்ணிட்டாங்களே" என்று கை காட்டலாம். இப்போது காட்ட ஆளில்லை.

ஒரு வாடிக்கையாளர், பெயர் வேண்டாம், சாப்பாட்டுக் கடை. நல்ல நாள் பார்த்து, அழைப்பிதழ் அடித்து, வாழை மரம்கூடக் கட்டியாயிற்று. பின் படிக்கட்டில் தீ தடுப்புக் கதவு வரவில்லை. "ரெண்டு நாள்ல வந்துடும், போட்டுக் கொடுங்க" என்றார். பாஸ் பேனாவையே எடுக்கவில்லை. திறப்பு விழா நின்றுபோனது. அவர் ஆபீஸில் வந்து போட்ட சத்தத்தில் கீழ்க்கடை மிளகாய்க்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். மிச்சக் கட்டணத்தை அவர் கொடுக்கவே இல்லை. அந்த வருடம் எங்களுக்கு போனஸ் இல்லை.

இணையப் பக்கத்தில் இதை "சமரசமற்ற தொழில் நேர்மை" என்று ஒரே வரியில் எழுதினேன். போனஸைப் பற்றி எழுதவில்லை. நான் மகளுக்கு அந்த வருடம் டியூஷன் கட்டணத்தைத் தவணையில் கட்டினேன். பாஸ் கொள்கைக்குப் பாதி விலை நாங்கள் கொடுத்தோம், அவர் எங்களைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

16 செப்டம்பர்

இன்றைக்கு விடுமுறை. காலையில் பாஸின் மகள் போன் செய்தாள். இப்போது ஆபீஸை நடத்துவது அவள்தான். "ஆன்ட்டி, ஸ்டோர் காலி பண்றோம், உங்க இனிஷியல் போட்ட சுருள் நிறைய இருக்கு, வேணுமா?" என்றாள். பசியாறிவிட்டு உடனே கிளம்பினேன். இப்போது ஓடுவது சின்ன ஃபெர்ரி, பழைய இரண்டு தட்டுக் கப்பல்களை 2020 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு வருத்தம்.

பன்னிரண்டு சுருள். பதினொன்று எதிர்பார்த்ததுதான். பன்னிரண்டாவது ஒரு கடைவீடு. 1993-இல் நானே அளந்தது, கீழே ஒரு தையல்காரர் குடும்பம் இருந்தது, அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார், மேலே மூன்று ஜன்னல், மரச் சட்டப் பலகை போட்டது. படத்தின் மூலையில் திருத்தத் தேதி: மார்ச் 2000. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். மூன்று ஜன்னலும் இருந்த இடத்தில் தாள் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருக்கிறது. சுரண்டியிருக்கிறது. அதன் மேல் செங்கல் கோடு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சதுரத் துவாரம். உள்ளே தண்ணீர்க் குழாய். பக்கத்தில் என் இனிஷியல். ஸ்டாம்ப், காற்புள்ளியோடு.

பறவை வீடு. நான் வரைந்தது.

முதல் பதிவில் "முப்பது வருடத்தில் ஒன்றுகூட இல்லை" என்று எழுதினேன். அது தவறு. திருத்தாமல் அங்கேயே விடுகிறேன், கீழே வந்து படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

17 செப்டம்பர்

ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். மறந்து போனேனா, மறைத்தேனா என்று எனக்கே தெளிவில்லை. ஜன்னலை நகத்தால் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது வேறு ஏதோ வீடு என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். 1998-இல் நாட்டுப் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். கட்டட வேலை செத்துப்போனது. ஒன்பது பேரில் ஐந்து பேரை அனுப்பினார் பாஸ், மிச்ச நாலு பேருக்குப் பாதிச் சம்பளம். 1999-உம் அப்படியே. 2000 மார்ச்சில்தான் முழுச் சம்பளம் கைக்கு வந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த மாதம் மகளுக்குக் கம்மல் வாங்கினேன். எங்கிருந்து வந்த பணம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

18 செப்டம்பர்

"அப்போ உங்க பாஸும் வேஷம்தானா" என்று கேட்கிறார் ஒருவர். அவசரப்படாதீர்கள் ஐயா. அந்த ஒன்றுக்குப் பிறகு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதை நானே பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன், அவ்வளவு கோபமாக ஏன் அனுப்புகிறார் என்று அன்றைக்குப் புரியவில்லை.

வேஷம் யாருடையது என்று பார்த்தால் என்னுடையது. அவர் ஒருநாளும் "நான் வரைந்ததில்லை" என்று சொன்னதில்லை. "வரைய மாட்டேன்" என்றுதான் சொல்வார். அதை "வரைந்ததில்லை" ஆக்கியது 2010-இல் நான்.

8 நவம்பர்

தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். பாஸுக்கு எண்பது தாண்டிவிட்டது, மத்தியானம் வந்து முற்றத்து ஓரம் அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதச் சொல்லியிருந்தாள். எழுதிக் கொண்டுபோனேன். நேர்மை, பாரம்பரியம் எல்லாம் எடுத்துவிட்டேன். காரைச் சேர்க்கவில்லை, சின்ன பாஸ் உயிரோடு இருக்கிறார். போனஸ் இல்லாத வருடத்தைச் சேர்த்தேன். "2000-இல் பறவை வீடு ஒன்று வரைந்தோம், அதற்கு மேல் வரையவில்லை" என்று ஒரு வரி.

பாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார். முறுக்கு ஒன்றை முழுசாக மென்று முடித்தார். பேனா கேட்டார். "ஒன்று" என்பதை அடித்துவிட்டு "2" என்று போட்டார்.

இன்னொன்று எங்கே என்று கேட்டேன். நிபோங் திபால் என்றார். யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த ஊருக்கு வேலையாக ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், டேப்பும் நோட்டுமாக, வாகனத்தில் சின்னப் பையன் ஒருவன் துணைக்கு. கிடங்கு என்று சொன்னார்கள். ஜன்னல் இல்லாத, மூன்று மாடிக் கிடங்கு.

தம்பி, உங்கள் அக்கா மகன் கடைசியில் எங்கே சேர்ந்தான்?